தும்மலுக்குப் போன யானை

எங்கள் மாடியறையில் குடியிருந்த ஓவியக் கல்லூரி மாணவி சித்திரை வெயிலிலும் ஃபேன் போடமாட்டாள். மனைவி கொடுத்த காபியோடு ஒருநாள் மேலே போனபோதுதான் காரணம் தெரிந்தது. மேசைமேல் காகிதத்தில் வெட்டிய தென்னந்தோப்பு, நடுவே காகித யானை. யானையின் காலை நூலளவு நகர்த்துவாள், கேமராவில் ஒரு படம் எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான். அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் திரையில் யானை நடக்குமாம்.

"காலைக் கொஞ்சம் எடுத்து வைங்க சாமி," என்றாள் யானையிடம்.

"காகிதத்துக்கு எதுக்கு அம்மணி இத்தனை மரியாதை?"

"எங்கூரு தொண்டாமுத்தூருங்க. தோட்டத்துக்குள்ள யானை வந்தா இப்படித்தான் பேசுவோம். அப்பா பட்டாசு வெடிச்சாலும் அவரு போறதில்லைங்க. படத்துலயாச்சும் போகோணும். எப்படின்னுதான் தெரியலைங்க."

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. தோப்பு கலைந்தது, யானை பறந்துபோய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது. காலையிலிருந்து பார்த்த வேலை. நான் கூனிக் குறுகி நின்றேன். அவள் வெறும் மேசையை உற்றுப் பார்த்தாள். பிறகு அதையும் ஒரு படம் எடுத்தாள்.

"போயிட்டாருங்க!"

கல்லூரியில் படத்தைத் திரையிட்டபோது நானும் போயிருந்தேன். பட்டாசுக்கு அசையாத யானை, ஒரு விவசாயி தும்மியதும் ஓட்டம் பிடித்தது. அரங்கமே சிரித்தது. அந்த விவசாயிக்கு என் மீசை, என் வழுக்கை. மூக்கைத்தான் ரொம்பப் பெரிதாக வெட்டியிருந்தாள். அவ்வளவு பெரிதா என்று இன்றும் கண்ணாடி பார்க்கிறேன்.