இளநீரில் பெற்ற ஞானஸ்நானம்

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்தப் பிப்ரவரியில் அல்போன்சம்மாள் ரேஸ்கோர்ஸ் ரோட்டோரக் கால்வாயில் பச்சைப்பிள்ளையோடு பதுங்கியிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமியாரைத் தேடிப் போக வழியில்லை. சாகப்போகும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். முழங்கால்வரை கால்வாய்த் தண்ணீர். சாக்கடையை ஆண்டவர் பேரால் ஊற்றுவதா என்று கூசியது. பக்கத்தில் கிடந்த இளநீரைக் கல்லில் உடைத்து, ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லித் தலையில் வார்த்தாள். பிள்ளை அடங்கியது. மேட்டிலிருந்த மாமரத்தடியில் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் குழி தோண்டினான்.

ஐம்பத்து மூன்றில், கோயில் மண்டபத்தில் உபதேசியார் அவசர ஞானஸ்நானம் கொடுப்பது பற்றிப் பெண்களுக்குச் சொன்னார்:

"மழைத்தண்ணி ஆகும், கடல்தண்ணி ஆகும். ஒண்ணுமே இல்லையா, கால்வாய்த் தண்ணிகூட ஆகும்மா. பால், எளநி, தேத்தண்ணி, இதெல்லாம் ஆகாது."

"தேத்தண்ணிய எவ ஊத்துவா?" என்றாள் பக்கத்துவீட்டு உர்சுலா. பெண்கள் சிரித்தார்கள்.

அன்று தொடங்கியது. குழாயடியில் குனிந்தால் பின்னால் ஈரத்தலையோடு ஒன்று நிற்கும். வளரவே இல்லை. மோட்சத்திலும் சேராமல் நரகத்திலும் சேராமல் நின்றுகொண்டிருக்கும்.

"தெரியாம செஞ்சது. பெட்டியத் தொறந்து பாக்க ஆண்டவர் என்ன கஸ்டம்ஸ்காரரா?" என்றான் ஆம்ப்ரோஸ். துறைமுகத்து ஆள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதிதாக மந்திரித்த தீர்த்தத்தைப் புட்டியில் வாங்கி மாமரத்தடியில் ஊற்றி, அன்று சொன்ன வார்த்தைகளையே சொல்வாள். செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் இல்லை என்பதும் தெரியும். ஊற்றினாள்.

அறுபத்து நான்கில் போனபோது மரம் இல்லை. சிமெண்டு போட்ட லாரிப் பட்டறை நின்றது. பட்டறைக்காரர் சேக் தாவூது புட்டியைப் பார்த்தார்.

"என்னம்மா, ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டாந்தீங்களா?"

"இங்கதான் எம்புள்ளை கெடக்கு."

அவர் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை நிறுத்தினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவள் ஊற்றினாள். தண்ணீர் இறங்கவில்லை. எண்ணெய்க்கறைமேல் உருண்டு வாசலுக்கு ஓடியது. இனி ஒரு சொட்டும் அவனிடம் போகாது. அவள் கையால் ஆகக்கூடியது முடிந்துவிட்டது.

கால்வாய் நினைவுக்கு வந்தது. வார்த்து முடித்ததும் பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, "ஆண்டவரே, நீரே வச்சிக்கிடும்" என்று கத்தியிருந்தாள். மேலே விமானங்கள். கேட்டவர் அவர் ஒருவர்தான். வாங்கிக்கொண்டவர், இளநீர் என்று பிள்ளையைத் திருப்பித் தந்திருப்பாரா? இத்தனை வருஷமும் இவள்தான் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் இறங்கினாள். பின்னால் அது வந்ததோ என்னவோ. திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்து, ஆம்ப்ரோஸ் வழக்கம்போல மரித்தோருக்காக ஆரம்பித்தான். "எங்க மகன் அந்தோனியின் ஆத்துமத்துக்காக..."

"அவனுக்கு வேணாம்," என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் கண்ணை மூடி, புனிதர்களிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்தோனி, எங்களுக்காக வேண்டிக்கப்பா."

ஆம்ப்ரோஸ் ஆமென் சொன்னான்.