சேவூர் வயல்களில் தவளைச் சத்தம் இல்லை

எண்பத்துநான்காம் வருடம் ஐப்பசியில் ஒருநாள், காலை ஆறு மணிக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். ஆரணிக்கு நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். டிக்கெட் மூன்று ரூபாய். நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். செய்முறைத் தேர்வுக்கு உயிருள்ள தவளைகள் இரண்டு டஜன் கொண்டுவர வேண்டும். அதற்காக வருடாவருடம் சேவூருக்குப் போய்க்கொண்டிருந்தவன், நடுவில் நான்கு வருடம் வேறு வேலையில் போட்டதால் போகவில்லை.

எட்டு மணிக்கு ஆரணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். முந்தின நாள் நல்ல மழை. சேவூர் வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது. முன்பெல்லாம் மழைக்கு மறுநாள் பேருந்து இரைச்சலையும் மீறித் தவளைகள் கத்தும். அன்று தெருவிலிருந்து தறிச் சத்தம் மட்டும்தான் வயல்வரை வந்தது.

எனக்குத் தவளை பிடித்துத் தருபவர் முனுசாமி. ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறவர். கட்டிலில் படுத்திருந்தார். பூச்சிமருந்து அடிக்கும்போது காற்று திரும்பி மருந்து முகத்தில் பட்டதில் பார்வை மங்கிவிட்டதாம். அவர் மனைவி பச்சையம்மாள்தான் பேசினார்.

"தவளையாங்க? மூணு வருசமா லாரி வந்துகினு இருந்துச்சு. தவளைக் காலு வெளிநாட்டுக்குத் திங்கறதுக்குப் போவுதுன்னாங்க. ஊரே புடிச்சுக் குடுத்துச்சு. நாங்களுந்தான்."

"ஒண்ணு ரெண்டுகூட இல்லையா?"

"எங்கங்க இருக்குது? தவளை போனதும் சாரைப்பாம்பும் காணோம். எலி பெருத்துப்போச்சு. பயிருல புகையான் பூச்சி வந்து உக்காந்துகிச்சு. முன்ன மருந்தே வாங்குனதில்ல. இப்ப அடிச்சுகினே இருக்கணும். ஒரே பேஜாரு."

முனுசாமி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சார், தவளைங்க மறுபடி வருங்களா?"

"ஏதாவது குட்டையில மிச்சம் இருந்தா வரும்."

"குட்டையிலயும் மருந்துத் தண்ணிதான் நிக்குது" என்றார்.

ஒரு மணி நேரம் வரப்பில் நடந்தேன். பயிர் வட்டவட்டமாகக் காய்ந்திருந்தது. வரப்பெல்லாம் எலி வளை.

கிளம்பும்போது பச்சையம்மாள் சாலைவரை வந்தார். "லாரி இப்ப பெரணமல்லூர் பக்கம் போவுதாம். அங்கதான போவீங்க? விக்காதீங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேம்மா" என்றேன்.

பகல் ஒரு மணிக்குப் பெரணமல்லூர். ஏரிக்கரையில் இறங்கியதுமே காதை அடைத்தது தவளைச் சத்தம். தவளை போடக் கோணிகளை நனைத்துக்கொண்டிருந்த ஒருவர், "எவ்ளோ வேணும் சார்? ஜல்தி சொல்லுங்க, லாரி வந்துடும்" என்றார். தவளை விற்ற புண்ணியத்தில் வீட்டுக்கு ஓடு போட்டதைக் கைகாட்டிச் சிரித்தார். விற்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறுங்கையோடு திரும்பினால் பேராசிரியர் என்ன சொல்வார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"ரெண்டு டஜன்" என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வேலூரில் என் வீட்டைச் சுற்றி வயல் கிடையாது. எந்தச் சத்தம் எப்போது அடங்கிப்போனது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மறு ஐப்பசியில், பெரணமல்லூரிலும் தவளை தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வந்தவாசிக்கு டிக்கெட் எடுத்தேன்.