ரீனுஸின் வலது கை

என் புருஷன் ரீனுஸ் பெரிய சைக்கிள் பந்தயம் எதிலும் முதலாவதாக வந்தவர் இல்லை. பிராபாந்தில் சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் பயிரிடும் குடும்பம். கோடை முழுக்கச் சாலைப் பந்தயங்களில் அணித் தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பார், எதிர்காற்றில் முன்னால் போய் நெஞ்சைக் கொடுப்பார், கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொள்வார். இதற்கு நான் பெருமைப்பட வேண்டும் என்று வேறு எதிர்பார்ப்பார்.

குளிர்காலத்தில்தான் அவருக்கு மரியாதை. ராட்டர்டாமில், அரங்குக்குள் ஓரம் சரிந்து உயரும் மரப்பலகைத் தடத்தில் ஆறு நாள் பந்தயம். ஜோடியாக ஓட்டுவது. அவருடைய ஜோடி என் தம்பி த்ரீக். ஒருவர் கீழே முடுக்கி ஓட்டும்போது மற்றவர் சரிவின் மேலே மெதுவாகச் சுற்றுவார். முறை மாறும்போது, ஓட்டி வந்தவர் கூட்டாளியின் கையைப் பிடித்து முன்னால் வீசிவிட வேண்டும். முடியாதவர்கள் கூட்டாளியின் இடுப்பைப் பிடித்தும் தள்ளலாம், விதியில் தடையில்லை. ஆனால் பீர் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள், "கிழவா, வீட்டுக்குப் போடா!" என்று கத்துவார்கள். எலும்பு முறிந்தால்கூட எங்கள் ஆட்கள் தாங்கிக்கொள்வார்கள், இந்தக் கேலியைத் தாங்கமாட்டார்கள்.

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் ஊர்த் திருவிழாப் பந்தயத்தில், ஈரமான கல்பாவிய தெருவில் ரீனுஸ் விழுந்தார். வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்வே போய்விட்டது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறியதைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன்.

"த்ரீக்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அவன் வேற ஜோடி தேடிப்பான். அப்புறம் நான் யாரு? தண்ணி தூக்குறவன்."

"நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லிடறேன், விடு."

பந்தயத்துக்குக் கிளம்பும்போது, சொல்லியாயிற்று என்றார். பொய்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். ரீனுஸ் முழு வேகத்தில் கீழிருந்து வந்து த்ரீக்கின் கையைப் பிடித்து வீசினார். பிடி பாதியில் நழுவியது. த்ரீக் நிலைதடுமாறித் தடத்தின் விளிம்புக் கம்பியில் போய் மோதினான். உயிர் பிழைத்தான், ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

வேர்வையில் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார் ரீனுஸ். அதன் பிறகு அவர் பந்தய சைக்கிளில் ஏறவே இல்லை. சர்க்கரை ஆலையில் வேலைக்குப் போனார். ஞாயிறு தவறாமல் என்னோடு த்ரீக் வீட்டுக்கு வந்து அவனுக்குப் பட்டாணி சூப் ஊட்டினார், அதே கையால். தாடையெல்லாம் வழியும். நான் கரண்டியைக் கேட்டால் முறைப்பார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

வருஷங்கள் போய் ஒரு ஞாயிறு, ஊட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று உடைந்துவிட்டார்.

"மாப்ள, வேர்வை இல்லடா. என் விரல் அப்பவே செத்துப்போச்சு. உங்கிட்ட மறைச்சிட்டேன்."

"தெரியும் மச்சான்," என்றான் த்ரீக். "முதல் நாளே காப்பிய இடது கையால எடுத்தீங்களே."

"தெரிஞ்சா ஏண்டா ஏறின?"

"நீங்க இல்லேன்னா என்னை மட்டும் யாரு கூப்பிடுவா? இடுப்பைப் பிடிச்சுத் தள்ளுங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். ஜனங்க சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன்."

ரீனுஸ் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நான்தான் ஊட்டுகிறேன். ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை.

"மச்சான் வரலையா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்.

"அவருக்குச் சளி."

போன வாரம் கரண்டியை நீட்டியபோது வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தான்.

"அவரைத் திட்டாதக்கா," என்றான். "தெரியும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."