மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது

கல்யாண மாப்பிள்ளைக்கு மேக்கப் போடுவது என் தொழில். "ஆம்பளைக்கு இன்னாய்யா மேக்கப்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: முகத்துக்குப் பத்து நிமிஷம், மீதி நேரமெல்லாம் வேர்வைக்கு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆண்கள் பார்லர் வைத்திருக்கிறேன். மலைமேல் உள்ள ஊர்களுக்கும் போவேன், கீழே கலசப்பாக்கம், வாணியம்பாடி என்றும் கூப்பிடுவார்கள். பட்டுச் சட்டை, கழுத்தில் கனமான மாலை, எதிரே ஹோமப் புகை, முகத்துக்கு நேராக வீடியோ லைட், மாசமோ மே. இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுபவித்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. வீட்டில் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்து, அக்குள் பக்கம் உங்கள் சட்டை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் இதைப் படிக்கலாம்.

ஒற்றைத் தும்மல்

மலைமேல் ஒரு கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையைக் குளிக்க வைத்து, உடம்பைத் துடைத்து, ஃபேனுக்கு முன்னால் நிறுத்திக் காயவைத்தேன். வேர்வை அடக்கும் ரோல்-ஆனை முந்தின நாள் சாயங்காலமே தடவியாயிற்று. "இதுக்கு மேல ஒண்ணும் போடாதப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்குள் அவனுடைய நண்பர்கள் நாலு பேர் வந்து, ஆளுக்கொரு ஸ்ப்ரேயை அவன் சட்டைமேல் காலி பண்ணிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அறைக்குள் கண் எரிந்தது. மாற்றுச் சட்டைக்கு நேரமில்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

அவன் தாலியைக் கையில் எடுத்துக் குனிந்தான். மணப்பெண் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். "ஒத்தத் தும்மல்! கட்டாத, நில்லு!" என்று பெண்ணின் பெரியப்பா கையை உயர்த்தினார். மேளக்காரர் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினார். இரண்டாவது தும்மலுக்காக ஊரே காத்திருந்தது. வரவில்லை. பெண் மூக்கைத் தேய்த்துப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெரியப்பாவே வழி சொன்னார்: "மாப்ளே, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து அந்த சட்டைய காட்டுப்பா." அவன் நெருங்கி நின்று சட்டையை உதறினான். இரண்டு, மூன்று, நான்கு என்று தும்மல் பொரிந்து தள்ளியது. இரட்டைப்படையில் நின்ற நொடியில் கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியது. மூக்கும் கண்ணும் சிவந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். இவர வேர்க்க வுடுங்க, அதுவே நல்லாருக்கும்."

றெக்கை

இது முழுக்க என் தப்பு. கலசப்பாக்கத்து மண்டபத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு அன்று காலையில்தான் அக்குளில் ரேசர் போட்டேன். போட்ட கையோடு படிகாரம் தேய்த்து, அதன்மேல் ரோல்-ஆனையும் இழுத்துவிட்டேன். செய்யக்கூடாது. சவரம் செய்த தோலுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். அன்றைக்கு அவசரம்.

பாவம் அந்தப் பிள்ளை. கைகள் உடம்பில் பட்டால் எரிகிறது என்பதால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டே மேடையில் நின்றான். பெரியவர்கள் காலில் விழும்போதும் அப்படியே விழுந்தான். "கம்பீரமா நிக்கிறான் பாரு" என்று அவன் சித்தப்பா பெருமைப்பட்டார். குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில்தான், என்னோடு பல கல்யாணங்களுக்கு வருகிற போட்டோகிராபர் மணி பொறுக்க முடியாமல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான்: "அண்ணே, மாப்ளைய றெக்கைய மடக்கச் சொல்லுங்க, பொண்ணு ஃபிரேமுக்கு வெளிய போவுது!"

எலுமிச்சையும் கிருமிநாசினியும்

வாணியம்பாடியில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "அண்ணே, எம்மேல தோல் வாசன வருதா? உண்மைய சொல்லுங்க" என்று முதல் நாளே கேட்டார். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. தினமும் அதற்குள்ளேயே இருப்பதால் தன் மூக்குக்குத் தெரியவில்லை, மற்றவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒரு வாரமாக எலுமிச்சம்பழத்தை அறுத்து உடம்பெல்லாம் தேய்த்திருக்கிறார். கடலைமாவு போட்டிருக்கிறார். அன்று காலை கடைசி முயற்சியாக, காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியைப் பக்கெட் தண்ணீரில் தாராளமாகக் கலந்து குளித்துவிட்டு வந்து நின்றார். தோல் சிவந்து கிடந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய பருத்தி பனியன் போட்டு, அதன்மேல் ஷெர்வானியை மாட்டினேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து மாமனார் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். நாற்பது வருஷமாகத் தோல் வியாபாரம் பண்ணுகிற மனுஷர். கட்டிப்பிடித்தவர் விடாமல் ஒருமுறை மோந்து பார்த்தார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. மாமனார் குரலைத் தாழ்த்தி, நிஜமான கவலையோடு கேட்டார்: "இன்னாங்க மாப்ளே, ஆஸ்பத்திரி வாசன வருது? ஒடம்புக்கு எதுனா இருந்தா முன்னாடியே சொல்லிருக்கலாமேங்க?"

தண்ணீர் விரதம்

"தண்ணி குடிச்சாதானே வேர்க்கும்?" என்று ஒரு மாப்பிள்ளை முந்தின நாளிலிருந்து தண்ணீரையே தொடவில்லை. எனக்கு இது தெரியாது. மணவறையில் எல்லாரும் ஊறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அப்பளம் மாதிரி காய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கைவேலைதான் என்று நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். நலங்கு முடிந்து எழுந்தவர் அப்படியே என்மேல் சாய்ந்தார்.

தூக்கிக்கொண்டுபோய் நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி விசிறினோம். கண் திறந்ததும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவருடைய அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். நெற்றியில் முத்து முத்தாக நாலு துளி எழுந்தது. என் வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளையின் வேர்வையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவருடைய தங்கை மண்டபத்துக்குள் ஓடிக்கொண்டே கத்தினாள்: "வேர்த்துடுச்சு! அண்ணனுக்கு வேர்த்துடுச்சு! மேளத்த அடிக்க சொல்லுங்க!"

ஓடைக்கரை

மலைப்பாதையில் மாப்பிள்ளை வீட்டு வேன் கொண்டைஊசி வளைவில் நின்றுவிட்டது. வண்டியில் பதினைந்து ஆண்கள், எல்லாரும் புதுச் சட்டை. அடுத்த பஸ்ஸை நம்பினால் கல்யாணம் மறுநாள்தான். இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. மாப்பிள்ளை விவசாயி, புளியமரம் ஏறிப் பழகிய உடம்பு. "நான் சும்மா ஒக்காந்துனு வரட்டா?" என்று அவரும் இறங்கினார். நான் கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில், பட்டுச் சட்டையையும் வேட்டியையும் கழற்றி என்னிடம் கொடுக்கவாவது சம்மதித்தார். பழைய லுங்கியோடு அவர் தள்ளினார். மற்றவர்கள் கல்யாண உடையோடு தள்ளினார்கள்.

மேட்டைத் தாண்டியதும் இஞ்சின் உயிர் பெற்றது. பக்கத்தில் ஓடை. மாப்பிள்ளையை அதில் உட்கார வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, காற்றில் காயவைத்து, அலங்காரத்தை முதலிலிருந்து முடித்தேன். மற்றவர்கள் நேரமாகிவிட்டது என்று முகம் கூடக் கழுவாமல் வண்டியில் ஏறினார்கள். பெண் வீட்டு வாசலில் ஆரத்தியோடு நின்ற மாமியார், கதவு திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், மாப்பிள்ளையை மட்டும் தனியாக நிறுத்திச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "மாப்ள பளிச்சுன்னு வந்துட்டாரு. கூட வந்தவங்க எல்லாம் இன்னா, ஏரு ஓட்டிட்டு நேரா வர்றாங்களா?"

கணக்கு வாத்தியார்

கதிரேசன், மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு உடம்பு வேர்க்காது, உள்ளங்கை வேர்க்கும். அது சாதாரண வேர்வை இல்லை, சொட்டும். சாக்பீஸைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் களிமண்ணாகிவிடும். யாராவது கை கொடுக்க வந்தால் முந்திக்கொண்டு கும்பிடு போட்டுவிடுவார். இதற்காகவே வந்த வரன் இரண்டை ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறார். "டாக்டர்கிட்ட போனேண்ணே. வைத்தியம் கீது, ஆனா மெதுவாத்தான் கொறையும்னாரு. அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சா அருவருத்துப் போய்டும்" என்று என் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. பெண் காவலூர்ப் பக்கம். சாமை விதைக்கிற, மாடு வைத்திருக்கிற குடும்பம். நிச்சயம் ஆனதிலிருந்து போனில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். இதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். கையில் கைக்குட்டை, மடியில் பேட்டரி விசிறி. கைப்பிடித்துக் கொடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு உள்ளங்கையிலும் பவுடரை அப்பினேன். பயத்தில் அவருக்கு இன்னும் பெருகியது. பவுடரும் வேர்வையும் கலந்து இட்லி மாவு பதத்துக்கு வந்துவிட்டது. பெண்ணின் கையை அவர் கையில் வைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்னியைச் சுற்றி முதல் சுற்று எப்படியோ போயிற்று. இரண்டாவது சுற்றில் கை வழுக்கிப் பிரிந்துவிட்டது.

பெண் நின்றாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று மாவு. நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். கதிரேசன் தலையைக் குனிந்து, "எனக்கு எப்பவுமே இப்படித்தான். சொல்லிருக்கணும்" என்றார். அவள் அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனியை இழுத்துத் தன் கையைத் துடைத்தாள், பிறகு அவர் கையையும் துடைத்தாள். விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வீடியோவில் பார்த்தால் மாப்பிள்ளையைப் பெண் இழுத்துக்கொண்டு போவது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோ முழுவதிலும் அவர் சிரிக்க ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான், அவள் இப்படிச் சொன்ன பிறகு: "இதுக்கா பயந்தீங்க? மழையில நனைஞ்ச கன்னுக்குட்டியவே வுட்டதில்ல நானு. நடங்க."

இத்தனை மாப்பிள்ளைகளைத் துடைத்ததில் நான் கற்றுக்கொண்டது, வேர்வையை யாராலும் நிறுத்த முடியாது, அது அடுத்தவர் மூக்குக்குப் போய்ச் சேருவதைக் கெட்டிமேளம் முடியும் வரை கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பதுதான்.