பை மாமா பார்க்காத கூரை

இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர். சுற்றிக் காட்டியவர் ஒருவர்தான், அம்மாவின் தம்பி. மொட்டையாக "மாமா" என்றால் எந்த மாமா என்று கேட்பார்கள். "பை மாமா" என்றால் கேள்வியே கிடையாது.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருஷம் குனிந்து, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு நடந்தவர். எந்தத் தெருவிலிருந்து எங்கே பஸ், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், எல்லாம் அத்துப்படி. ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இரண்டே அறை. இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, பரீட்சை, எதற்கு வந்தாலும் நாங்கள் அங்கேதான் போய் இறங்குவோம். எங்களுக்குப் பாய் விரித்தே அத்தைக்கு இடுப்பு போயிற்று. வந்த வேலை முடிந்ததும், "அப்படியே ஊரையும் சுத்திப் பாத்துட்டுப் போயிடறோமே" என்போம். மாமா லீவு போடுவார்.

மணிக்கூண்டு, தொங்கு பாலம், மியூசியம், கடைசியில் பழைய அரண்மனை. எல்லா வாசலிலும் ஒரே பலகை: பைகளுக்கு அனுமதி இல்லை. பை வைக்கும் அறை இருக்கும், ஆனால் வரிசை நீளம். மாமா இருக்கும்போது அந்த வரிசையில் யார் நிற்பார்கள்? "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று கல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மடியில் இரண்டு, காலடியில் நான்கு. எங்கள் ஆல்பங்களில் அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது, அதில் என் அம்மாவின் கைப்பை தொங்குகிறது.

அரண்மனையில் முக்கியம் பெரிய கூடத்தின் மேற்கூரைதான். முழுக்க வானமாக வரைந்து பறவைகளைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார்கள். மாமா ஒவ்வொருவரையும் விசாரிப்பார்.

"உள்ள என்ன பாத்தே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே புழுக்கம்" என்பாள் சித்தி. ஒரு பறவை மட்டும் திரும்பிப் பார்க்கிறது என்று அப்பா சொன்னார். என் அண்ணன், மேலே பார்க்கவே மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். மாமா அத்தனையையும் மனதில் சேர்த்து வைத்திருந்தார். "மொத்தம் எத்தனை பறவை இருக்கும்?" என்று கேட்பார். யாரும் எண்ணியதில்லை. எண்ணைக் குறிக்காமல் எந்த வாசலையும் விட்டு நகராத மனுஷருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

"ஒருவாட்டி நீங்க தனியாப் போய்ப் பாக்கலாமே மாமா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அந்தப் பக்கம் எனக்கென்ன வேலை? ஆள் வந்தாத்தான் போறது. ஆள் வந்தா கூடவே பையும் வந்துருதே" என்று சிரித்தார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் வலது கண் போனது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிந்தது. அதுவும் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வாரம் பேப்பரில் செய்தி: பழுதுபார்ப்புக்காக அரண்மனையை இந்த மாதக் கடைசியோடு இரண்டு வருஷம் மூடுகிறார்கள்.

அப்போதுதான் மாமா வாழ்க்கையில் முதன்முறையாக எங்களிடம் ஒன்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். "கூட யாராவது வந்தாப் போதும். உள்ள படி இருக்காம், எனக்குப் படி தெரிய மாட்டேங்குது." அத்தையால் மாடி இறங்க முடியாது. அண்ணனுக்கு ஆடிட். சித்திக்கு முதுகுவலி. நான் இதே ஊரில், ஒரு மணி நேர தூரத்தில் இருந்தேன். மூன்று ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாதத்தின் கடைசி நாளான ஞாயிறன்றுதான் கிளம்பினோம். "அப்ப பாப்பாவும் பாக்கட்டுமே" என்றார் என் கணவர். மாமாவுக்காகப் போவது எங்கள் பிக்னிக் ஆகிவிட்டது. இரண்டு பை, தண்ணீர் பாட்டில், குடை. போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. மாமா பத்து மணிக்கே வந்து, அதே கல் பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

பை வைக்கும் அறையில் இடமில்லை என்று அட்டை தொங்கியது. மாமா கையை நீட்டினார்.

"ஐயோ, வேண்டாம் மாமா. முதல்ல நீங்க வாங்க" என்றேன். சொன்னேன்தான், தோளிலிருந்து பை பாதி இறங்கிய பிறகு சொன்னேன்.

"பாப்பா கால் வலிக்குதுன்னு நிக்குது பாரு. காட்டிட்டு சீக்கிரம் வாங்க. அப்புறம் நீ என்னைக் கூட்டிட்டுப் போ."

கணவரைப் பைகளோடு உட்கார வைத்திருக்கலாம். தோன்றவே இல்லை. பை என்றால் மாமா, அவ்வளவுதான்.

உள்ளே மகள் தரையில் மல்லாந்து படுத்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கணவர் இன்னும் ஒரு போட்டோ, இன்னும் ஒரே ஒன்று என்றார். வெளியே வந்தபோது நுழைவாசலில் சங்கிலி போட்டிருந்தது.

"நாலரையோட உள்ள விடறது முடிஞ்சுதும்மா" என்றார் காவலாளி.

"பெரியவருக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க. இன்னிக்கு விட்டா கிடையாது."

அவர் பெஞ்சைப் பார்த்தார். "அவரா? அவரைத் தெரியுமே. வருஷக்கணக்கா இங்கதானே உக்காருவாரு! இத்தனை நாளா உள்ளயே போகலையா?"

கெட்டவர் இல்லை. உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். முடியாதாம்.

நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, விடும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள என்ன பாத்தே? பறவை எத்தனை?" என்றார்.

நான் எண்ணவில்லை. அவசரமாகப் போனைத் திறந்து கொடுத்தேன். இடது கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, மீட்டர் பார்ப்பதுபோல அப்படியும் இப்படியும் திருப்பினார். நான் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"பறவை எங்கம்மா? உங்க மூஞ்சிதான் தெரியுது."

வாங்கிப் பார்த்தேன். முப்பது படத்திலும் நாங்கள் மூவரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம். தலைக்குப் பின்னால் கலங்கலாகக் கொஞ்சம் நீலம் தெரிந்தது.

மாமா குனிந்து காலடியில் தடவினார். ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார்.

"ரெண்டு பை, ஒரு குடை, தண்ணி பாட்டில். எல்லாம் சரியா இருக்கா, பாத்துக்கோ."