திருநீறு பூசிய கண்ணாடி

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர் அம்பலவாணனுக்குக் கார்பசோல் என்னும் சேர்மத்தின்மீது நெடுநாளைய காதல். காதல்தான், தொட்டுப் பழகியதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் வயல் வைத்திருந்த பரம்பரையில் வந்தவர் ஆதலால், வரப்பில் நின்று வேலை வாங்குவதற்குப் பெயரே ஆராய்ச்சி என்று கொண்டிருந்தார்.

வயலில் இறங்கியவள் ஆராய்ச்சி மாணவி ரெனிஷா, கடலோர ஊரான உவரிக்காரி. கார்பசோலைக் கரைத்த கரைசலில், மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டை அமிழ்த்தி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுவாள். மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை இழந்து, ஒன்றோடொன்று கைகோத்து, தகட்டின்மேல் பச்சைப் படலமாகப் படியும். அழுத்தத்தைத் திருப்பிப் பச்சை நிறத்தைப் போக்கிவிட்டுப் புற ஊதா விளக்கில் காட்டினால் படலம் நீலமாய் ஒளிரும். அந்த ஒளி ஆய்வுக் கட்டுரையாகும்போது முதலில் தெரிவது பேராசிரியரின் பெயர்.

அவ்வாண்டு துறைத்தலைவர் பதவி காலியாக இருந்தது. அதே துறையின் சுந்தரும் அதன்மேல் கண் வைத்திருந்தார். ஒளிரும் படலத்தைப் பார்த்துவிட்டு யார் தலைவர் என்று முடிவு சொல்ல வெளியூர்க் குழு ஒன்று வரவிருந்தது. அதற்கு முன்னர் ஆயுதபூசை வந்தது. பேராசிரியர் தராசுக்கும் மின்னழுத்தக் கருவிக்கும் திருநீற்றைக் குழைத்துப் பூசிவிட்டு, ரெனிஷா கழுவி வைத்திருந்த கண்ணாடித் தகட்டை எடுத்தார்.

"சார், அதுல மட்டும் வேண்டாம். நீறு இருக்கிற எடத்துல படலம் படியாது."

"எல்லாத்துக்கும் பூசிட்டு இதை மட்டும் மூளியா விடச் சொல்லுதியாம்மா?"

"அப்ப பொறவு கழுவிருதேன் சார்."

"திருநீற்றைக் கழுவுவாளாம்லா. லேசாத் துடச்சாப் போதும்" என்றபடி அவர் தகட்டில் மூன்று பட்டைகளை இழுத்து, நடுவே நீற்றாலேயே ஒரு பொட்டும் வைத்தார்.

குழு வந்த நாளில் அவர் ரெனிஷாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தாமே களத்தில் இறங்கினார். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் தகட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக் கரைசலில் இறக்கினார். படலம் படிந்தது. அறை இருட்டாக்கப்பட்டது. விளக்கில் காட்டினார், தகடு நீலமாய் ஒளிர்ந்தது. அதன் நடுவே மூன்று கரிய பட்டைகளும் ஒரு பொட்டும் துலங்கின.

"என்ன வே, உம்ம கண்ணாடி திருச்செந்தூருக்குக் கெளம்பிட்டு போலயே" என்றார் சுந்தர்.

சிரிப்பு எழுந்தது. தலைவர் நாற்காலி நழுவிப் போவதை அம்பலவாணன் இருட்டிலும் தெளிவாகக் கண்டார்.

"வேணும்னே விட்டதுதான். நெனச்ச வடிவத்துல படிய வைக்கிற முறை."

குழுத்தலைவி முன்னால் வந்தார். "அப்படியா? எதை வெச்சு மறைச்சீங்க?"

"ஒரு... சாம்பல் கலவை."

"ஒரு நட்சத்திரம் வரைஞ்சு காட்டுங்களேன்."

பேராசிரியர் ரெனிஷாவைப் பார்த்தார். அவள் பூசைத் தட்டிலிருந்த நீற்றைக் குழைத்து, வேறொரு தகட்டில் விரலால் வரைந்து, காயவிட்டுப் படலத்தைப் படியவைத்தாள். கரிய நட்சத்திரம் கச்சிதமாக விழுந்தது.

"எவ்வளவு அழுத்திப் பூசணும்?" என்று குழுத்தலைவி கேட்டார்.

"சார் நெத்தியில பூசுத அளவுதான், மேடம்."

உள்ளூர்ப் பொருளைக் கொண்டு செய்த அரிய புதுமை என்று குழு எழுதிக் கொடுத்தது. அம்பலவாணன் தலைவரானார். நீறு பூசாத தகடு எதுவும் கரைசலில் இறங்கலாகாது என்பது அவர் இட்ட முதல் ஆணை.

சில வாரங்கள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஒப்புதல் பெற ரெனிஷா, அந்த ஆணைக்கு முன்பே படியவைத்திருந்த தன் சிறந்த படலத்தை அவரிடம் கொண்டு சென்றாள். விளிம்புமுதல் விளிம்புவரை ஒரு புள்ளிகூடக் குறையாமல் அது ஒளிர்ந்தது. அதற்காக அவள் எத்தனையோ முறை தோற்றிருந்தாள்.

புதிய தலைவர் அதை விளக்கில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா இதுல. ஒரு பட்டையாவது போட்டுக் கொண்டா."

ரெனிஷா தகட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.