பெரிய பங்குக்காரர் வரவில்லை

பக்கத்து வீட்டில் மோட்டார் போடும் சத்தம் கேட்டால் எனக்குப் பித்தப்பை ஞாபகம் வருகிறது. ஸ்டார்ட்டரில் ஒரு 'டக்', பூமிக்கடியிலிருந்து ஒரு முனகல், குழாய்க்குள் காற்று இருமி இருமித் தண்ணீராக மாறும் நேரம். பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு விடிவது அப்படித்தான். மற்றவர்களுக்கு அது தண்ணீர். எனக்கு அது மச்சான், பச்சை அங்கி, ஆப்பரேஷன் தியேட்டர் வாசல்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆயுசெல்லாம் கல் சுமந்தவருக்கு, ஓய்ந்த பிறகு வயிற்றுக்குள்ளேயே கல். வலி வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும் லாரி போல மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்வார். இனியும் தள்ளிப்போட்டால் பித்தப்பை பழுத்துவிடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதால், எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, அதை எடுத்துவிட டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாரத்துக்கு ஒருநாள் திருச்சியிலிருந்து வரும் சர்ஜன். மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மச்சானுக்கு அவர் மகள் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். அறுபது வயதுக்கு மேல் எடுத்த பாலிசி என்பதால் செலவு மொத்தமும் கம்பெனி கட்டாது. நூற்றுக்கு எண்பது அவர்கள், இருபது நாம். இதற்குப் பெயர் கோ-பே. கையுறை, பஞ்சு மாதிரியான சில்லறைகள் கணக்கிலேயே வராது, அது முழுக்க நம் பாடு. மச்சான் அதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். எந்த வேலை ஆரம்பித்தாலும் தேங்காய், சூடம் செலவு தனிதான் என்றார்.

ஆனால் வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியும் அந்த இருபதை ஏன் நம் தலையில் வைக்கிறார்கள் என்று அவருக்கு ஆறவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். நம் கையிலிருந்தும் கொஞ்சம் போனால்தான் வேண்டாத ஸ்கேனுக்கும் ஏசி ரூமுக்கும் நாம் ஆசைப்பட மாட்டோம். அவர்கள் பாரம் குறைகிறது, அதனால் நம் பிரீமியமும் கொஞ்சம் குறைகிறது. கூட்டுக் கிணறு மாதிரிதான் மச்சான், பங்கு போட்டவன் மோட்டாரைச் சும்மா ஓடவிட மாட்டான், இல்லையா?

அவர் முகம் தெளிந்தது. நானும் என் உவமையை உள்ளுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அது கிணற்றோடு நிற்காமல் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் என்று அப்போது தெரியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் அவர்களுக்கு நிஜமாகவே ஒரு கூட்டுக் கிணறு உண்டு. பாதிப் பங்கு ஊரில் ஒரு பெரியவருக்கு. மீதிப் பாதி இவர்களுக்கும் பங்காளிகளுக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுவதானாலும் தூர் வாருவதானாலும் பெரிய பங்குக்காரர் வந்து நிற்காமல் கிணற்றில் கயிறு இறங்கக் கூடாது. ஒருமுறை அவர் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், இவர்கள் அவசரப்பட்டுத் தூர் வாரிவிட்டார்கள். திரும்பி வந்தவர் கரையில் கிடந்த சேற்றைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். மறுநாள் அவரை நிற்க வைத்து மறுபடியும் அள்ளினார்கள். முதுகு ஒடிய இரண்டு முறை அள்ளியவர்களில் மச்சானும் ஒருவர்.

ஆப்பரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சர் தியேட்டர் கதவை நெருங்கும்போது, மச்சான் கையை நீட்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்பது பங்குக்காரரு எங்க மாப்ள?"

எனக்கு முதலில் புரியவில்லை. என் கிணற்று உவமை ஞாபகம் வந்ததும் புரிந்தது, இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்கிறார்.

"அவங்கள்லாம் வர மாட்டாங்க மச்சான். மெசேஜ்லயே அப்ரூவல் குடுத்துட்டாங்க."

"மெசேஜ் குடுத்தா ஆச்சா? நாளைக்கு வந்து, எங்களக் கேக்காம ஏன் எடுத்தீங்க, திரும்ப உள்ள வைங்கன்னா என்ன பண்ணுவீங்க? சேத்தக் கொட்டலாம். இத எப்படிக் கொட்டுவீங்க?"

நர்ஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. என் மனைவி தங்கை என்கிற உரிமையில் அண்ணனைக் காய்ச்சி எடுத்தாள். பிடி தளரவில்லை. உள்ளே சர்ஜன் கடிகாரத்தைப் பார்ப்பதாகச் செய்தி வந்தது. இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம். அதுவரை அந்தப் பை பொறுக்குமோ பொறுக்காதோ. நிலையைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். நாம் இழுத்தால் பிரிகிற விரல்கள் அல்ல.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். காத்திருக்கச் சொல்லி வீணை இசை ஓடியது. மச்சான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பங்குக்காரர் வீட்டு வாசலில் காத்திருப்பவரைப் போல. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"ஏம்மா, நான் ரெட்டிபாளையம். ஆப்ரேசனுக்குப் படுத்திருக்கேன். நீங்க வர முடியலன்னு சொல்றாங்க. உங்க சம்மதத்தோட வேலைய ஆரம்பிக்கலாமா?"

இப்படி ஒரு கேள்விக்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். கீபோர்டு தட்டும் சத்தம் கொஞ்சம் கேட்டது, நின்றது.

"ஆரம்பிக்கலாங்க சார். நல்லபடியா முடிச்சிட்டு வாங்க."

நிலையிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டார். இல்லை என்றதும், போய்ச் சாப்பிடச் சொல்லி, போனை வைக்க அனுமதி கொடுத்தார்.

இப்போது மச்சான் கோழிக்குழம்பை வாளியோடு கேட்கிறார். இப்படித் தேறிவிடுவார் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதே. ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டு நகர்ந்தது, கதவு பாதி திறந்தது. பயப்படாதீங்க என்று சொல்லத்தான் குனிந்தேன். அவர் விரலை அசைத்து இன்னும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒருவேள அவங்கள்லேர்ந்து யாராச்சும் வந்துட்டா வெளிய நிக்க வைக்காதீங்க. டீ வாங்கிக் குடுங்க. அதுல எண்பது இருவது பாக்க வேணாம். முழுசும் நம்ம செலவாவே இருக்கட்டும்."